சிட்னியில் ஓர் இரவு

1980ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். இரவெல்லாம் படுத்திருந்தும் அவர் உறங்கியவராக இல்லை. கண்ணயரும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும், மூளை திடுக்கிட்டு விழித்து அதைத் திறக்கும், மீண்டும் அடைபடும். அந்தக் கடனைப் பகல் தூக்கம் வசூலித்தது. நம்மிலும் சுப்ஹுக்கு எழும்போதே களைத்திருப்பவர்கள், ஜும்ஆ உரையின் நடுவே தலைசாய்பவர்கள் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுமுன் இரவில் அவர்களுடைய குறட்டையைக் கேட்டிருக்கிறோமா?

அக்காலத்தில் இந்நோய் முற்றினால் உறுதியான தீர்வு ஒன்றே இருந்தது: கழுத்தில் துளையிட்டு, அடைபடும் இடத்துக்குக் கீழே மூச்சுக்கு வேறு வழி அமைப்பது. ஜெர்மானிய மருத்துவர்கள் 1969இல் அதன் பயனை எழுதியிருந்தனர். பயன் மெய்தான். ஆனால் கழுத்தில் குழாயோடு காலமெல்லாம் வாழ எளிதில் இசைபவர் யார்? சல்லிவனிடம் வந்தவரும் மறுத்துவிட்டார்.

சல்லிவன் முன்னர் கனடாவின் டொரன்டோவில் உறங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்தவர். அந்த அனுபவம் கைகொடுத்தது. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி, நோயாளியின் மூக்கில் பொருத்திய மூடியோடு குழாயால் இணைத்தார். உள்ளே சென்ற காற்றின் அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி தாங்கி நின்றது. அழுத்தத்தைக் கூட்டினால் மூச்சு சீரானது. குறைத்தால் அடைப்பு திரும்பிற்று. அந்த மனிதர் ஏறத்தாழ ஏழு மணி நேரம் உறங்கினார். விழித்தபோது, பல ஆண்டுகளில் முதன்முறையாகத் தெளிவோடு இருப்பதாக உணர்ந்தார்.

1981 ஏப்ரலில் சல்லிவனும் ஃபாயிக் ஈஸா உள்ளிட்ட அவருடைய குழுவினரும் ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினர். 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவிலான சிறு அழுத்தமே ஐவருக்கும் போதுமானதாயிற்று. இன்று ‘சிபேப்’ என வழங்கும் கருவியின் பிறப்பு இதுவே.

இந்த வரலாற்றில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே இரவில் விடியல் கண்டவரின் கதையைக் கேட்டுவிட்டு, கருவி வாங்கிய மறுநாள் காலையில் அதே விடியலைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் வாரத்துக்குள் கருவி அலமாரிக்குப் போகிறது. உண்மையில் மாற்றம் இருவேறு வேகங்களில் வருகிறது. அழுத்தம் பொருந்திவிட்டால் மூச்சு அன்றிரவே சீராகும், குறட்டை அடங்கும். அதை முதலில் அறிபவர் நோயாளியல்லர், அருகில் படுத்திருப்பவர். சில வேளை, திடீர் அமைதியால் அவருக்குத்தான் தூக்கம் கெடும்!

பகலின் தெளிவு அவ்வளவு சீக்கிரம் வராது. முதல் சில இரவுகளில் உடல் இழந்த ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும் வாரிச் சேர்க்கிறது. சிலருக்கு நாட்களில் புத்துணர்ச்சி தெரியும், சிலருக்கு வாரங்களாகும். கருவியை முகத்தில் வைத்திருக்கும் நேரமும் கணக்கில் வரும். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகளைச் சோதித்தது. தூக்கக் கலக்கம் குறைந்ததாக அவர்களே உணர்வதற்கு இரவுக்கு நான்கு மணி நேரம் ஓரளவு போதுமானதாக இருந்தது. அன்றாடச் செயல்கள் சீர்பெறவோ ஏழரை மணி நேரம்வரை பயன்பாடு கூடக் கூடப் பலன் கூடிற்று. ஒழுங்காகப் பயன்படுத்தியும் கலக்கம் நீங்காதவர்களும் இருந்தனர். அத்தகையோர் வேறு காரணம் உண்டா என மருத்துவரிடம் மீண்டும் கேட்க வேண்டும்.

தொடக்க கால நோயாளிகளுக்கு இன்றைய மெல்லிய முகமூடிகள் வாய்க்கவில்லை. ஒவ்வோர் இரவும் மூடியைப் பசையால் மூக்கில் ஒட்டி, காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். மோட்டாரின் இரைச்சல் வேறு. அப்படியிருந்தும் அவர்களிற் பலர் அதை வீட்டுக்குக் கொண்டுசென்று ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினர்.