நிரலைப் படிக்கும் நிரல்

1977-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய இடமாற்ற வேலை நடந்துகொண்டிருந்தது. பிடிபி-11 கணினியில் ஓடிய யூனிக்ஸ் இயங்குதளத்தை, வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பான இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுபோக ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இறங்கியிருந்தார்கள். முன்னது 16 பிட் கணினி, பின்னது 32 பிட். சி மொழியில் எழுதிய நிரல்தானே, புதுக் கணினியில் மறுபடி கம்பைல் செய்தால் (அது ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினால்) போதாதா என்று கேட்கத் தோன்றும். போதவில்லை.

பழைய கணினியில் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய நிரல்களுக்குள் எவ்வளவு குழப்பம் மறைந்து கிடந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. முழு எண் இருக்க வேண்டிய இடத்தில் பாயின்டர் (நினைவக முகவரி) இருந்தது, பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தது. ஒரு கோப்பில் உள்ள ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளை எதிர்பார்க்கும். இன்னொரு கோப்பிலிருந்து அதை அழைத்தவர் மூன்றைக் கொடுத்திருப்பார். அன்றைய கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனியாகவே பார்த்தது. அதனால் இந்தப் பொருத்தமின்மை அதன் கண்ணில் படவே வழியில்லை.

ஜான்சன் அந்தச் சமயத்தில் பல கணினிகளுக்கும் எளிதில் மாற்றக்கூடிய ஒரு கம்பைலரை எழுதிக்கொண்டிருந்தார். அதில் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியை எடுத்து, அதைக் கொண்டு இன்னொரு கருவியைச் செய்தார். அதுதான் லின்ட். கணினி ஓட்டக்கூடிய எதையும் அது உருவாக்காது. எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்துவிட்டு, சந்தேகப்படும் இடங்களை வரி எண்ணோடு சொல்லும். அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, மதிப்பு வைக்கும் முன்பே படிக்கப்படும் மாறி, எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத வரி, ஒரு பாதையில் விடை தந்து மறு பாதையில் வெறுங்கையோடு திரும்பும் ஃபங்ஷன் ஆகியவை அதன் பட்டியலில் இருந்தன. இவற்றில் பலவும் சி மொழி இலக்கணப்படி தவறே அல்ல. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு லின்ட் வெளியுலகுக்குப் போனது.

நிரலை ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும் என்ற எண்ணம் லின்டோடு தொடங்கியதல்ல. 1976-இல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் தன் ஆய்வு முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டிருந்தார். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அச்சடித்த நிரலை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒரு அமர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே அங்கே வேலை, திருத்துவது பிறகு. அங்கே கிடைத்த பிழைக் கணக்கைக் கொண்டு எழுதியவரின் திறமையை மேலதிகாரிகள் எடை போடக் கூடாது என்பதிலும் ஃபேகன் உறுதியாக இருந்தார். இன்றைய கோட் ரிவியூவின் மூதாதை இதுவே.

லின்டுக்குத் தொடக்கம் முதலே ஒரு சங்கடம் இருந்தது. சரியான நிரலையும் அது சில நேரம் சந்தேகப்படும். அதனால் ஜான்சன் அதை வாயடைக்கவும் வழி வைத்தார். ‘நாட் ரீச்டு’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால், அந்த இடத்துக்கு ஓட்டம் வராது என்று நிரலர் உறுதி கூறியதாக லின்ட் எடுத்துக்கொள்ளும். தேவையான வசதிதான். ஆனால் யோசித்து வாயடைப்பவருக்கும், தொல்லை தாங்காமல் வாயடைப்பவருக்கும் வித்தியாசம் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரின் குழு 2000 வாக்கில் லினக்ஸ் நிரலை ஒரு கருவியால் அலசி நூற்றுக்கணக்கான பிழைகளைப் பிடித்தது. அந்த ஆய்விலிருந்து கவரிட்டி நிறுவனம் பிறந்தது. கருவியை விற்கப் போன இடங்களில் அவர்கள் கண்டதை 2010-இல் எழுதினார்கள். பொய் எச்சரிக்கைகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் நிரலர்கள் கருவியையே புறக்கணித்துவிடுகிறார்கள். அப்போது உண்மையான பிழையும் கவனிப்பாரின்றிப் போகிறது.

எச்சரிக்கையைப் புறக்கணிப்பதைவிட ஆபத்தானது, புரிந்துகொள்ளாமல் அதைத் தீர்த்துவைப்பது. டெபியன் லினக்ஸில் 2006 மே மாதம் அதுதான் நடந்தது. ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைப் பரிசோதித்தபோது, மதிப்பு வைக்கப்படாத நினைவகத்தை அது படிக்கிறது என்று வால்கிரைண்ட் கருவி எச்சரித்தது. எச்சரிக்கைக்குக் காரணமான வரி, ஒரே மாதிரி இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டும் நீக்கப்பட்டன. ஒன்றை நீக்கியதால் பெரிய கேடில்லை. மற்றதோ, தற்போக்கு எண்களுக்கு வேண்டிய கணிக்க முடியாத தரவு முழுவதும் உள்ளே போகும் ஒரே வாசல். அது மூடியபின் மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி இடும் வரிசை எண் மட்டும். அதில் அதிகபட்சம் 32,768 வாய்ப்புகளே உண்டு.

எச்சரிக்கை நின்றது. நிரல் ஓடியது. சாவிகளும் பார்வைக்குச் சாவிகள் போலவே இருந்தன. 2008 மே 13 அன்று டெபியன் உண்மையை அறிவிக்கும் வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அந்த நிரலில் உருவான சாவிகளை எவரும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கலாம். டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவுக்கும் அதே கதி. உலகெங்கும் சர்வர்களைப் பராமரித்தவர்கள் சாவிகளை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று விளக்கும் குறிப்பு ஒன்று நிரலிலேயே இருந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் சந்தித்தது இதற்கு நேர்மாறானது. அங்கே எச்சரிக்கையே வரவில்லை. இணையத்தளத்தின் கையெழுத்து உண்மையானதா என்று சோதிக்கும் ஃபங்ஷனில், ‘கோ டூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. முதல் வரி அதற்கு மேலுள்ள ‘இஃப்’ நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே அளவு உள்தள்ளி நின்றதால் கட்டுப்பட்டது போலவே தெரிந்தது. நெளி அடைப்புக்குறி இல்லாததால் அது எப்போதும் ஓடியது. பின்னால் இருந்த கையெழுத்துச் சோதனை முழுவதும் தாண்டிப் போகப்பட்டு, ‘எல்லாம் சரி’ என்ற விடையே திரும்பியது. போலித் தளத்தையும் ஐபோன் நம்பும் நிலை. பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டு ஆப்பிள் அதைச் சரிசெய்தது.

இப்படிப் போய்ச் சேர முடியாத வரிகளைச் சுட்டுவது லின்ட் 1970-களிலேயே செய்த வேலை. ஆப்பிள் பயன்படுத்திய கிளாங் கம்பைலரிலும் அந்தச் சோதனை இருந்தது. ஆனால் தனியே பெயர் சொல்லிக் கேட்டால்தான் அது வேலை செய்யும். ‘வால்’ என்ற வழக்கமான எச்சரிக்கைத் தொகுப்பில் அது இல்லை.

2016-இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், உள்தள்ளல் ஒன்றைக் காட்டி ஓட்டம் வேறாக இருக்கும் இடங்களைப் பிடிக்கப் புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தது. இம்முறை அதை ‘வால்’ தொகுப்புக்குள்ளேயே வைத்தார்கள். ஆப்பிளின் அந்த வரிகளை அதே தொகுப்போடு இன்று கம்பைல் செய்தால், எந்த ‘இஃப்’ இரண்டாவது ‘கோ டூ ஃபெயிலை’க் கட்டுப்படுத்தவில்லை என்பது வரி எண்ணோடு திரையில் வரும்.