பிரானூர் பார்டர்

குற்றாலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் அநேகமாகச் சைவச் சாப்பாடு. கிண்டலுக்குச் சொல்லவில்லை. ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தோம்பலைப் பற்றி அவர் வீட்டுக்குப் போய்வந்த பலரும் எழுதியிருக்கிறார்கள். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். சாரல் விழுந்தது, கம்பனின் பாட்டு ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, நடுவில் இலை போடப்பட்டது. 1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார். அந்த இலை நம் இலக்கியப் பிரக்ஞையில் இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. அதற்கு முந்தைய குறவஞ்சியிலோ சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். பிடித்த பறவை எங்கே போகிறது என்று கேட்காமல் சந்தத்தை மட்டும் ரசித்துவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டோம். பின்னாளில் கலாப்ரியா குற்றாலத்தில் கூட்டிய கவிதைக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ராத்திரி எங்கே சாப்பிடப் போனார்கள் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. கட்டுரைகளில் அருவி வந்தது. பரோட்டா வரவில்லை.

ஆக, நான் சொல்ல வருவது வேறொரு இலையைப் பற்றி. குற்றாலத்திலிருந்து வல்லம் வழியாகச் சில கிலோமீட்டர் போனால் தென்காசி-செங்கோட்டை ரோட்டில் பிரானூர். மர அறுவை மில்கள், ஈரமரத்தூள் வாசனை, வரிசையாக லாரிகள். அவற்றுக்கு நடுவில் பரோட்டாக் கடைகள். கடைகளின் பெயர்ப்பலகையில் 'பார்டர்' என்ற சொல் இருக்கும். ரஹ்மத் கடைக்கும் அதுதான் முன்பெயர். சீசனில் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வருகிற கூட்டம் இந்தச் சொல்லை ருசியின் பெயராகத்தான் அறிந்திருக்கிறது. எந்த நாட்டின் எல்லை, யாருடைய எல்லை என்று கேட்பவர் இல்லை. கேரள எல்லை அங்கே இல்லையே! அது புளியரையைத் தாண்டி, மலையேறி, ஆரியங்காவுப் பக்கம் போய்விட்டது.

போன தேதி 1956 நவம்பர் 1. அன்றுவரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. மொழிவாரி மாகாணப் பிரிவினையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பகுதியும் சேர்ந்தது. மற்றதைக் கேரளம் வைத்துக்கொண்டது. நேசமணியின் போராட்டத்தைப் பேசுகிறவர்கள் கன்னியாகுமரியோடு நிறுத்திக்கொள்வார்கள். செங்கோட்டை ஒரு அடைப்புக்குறிக்குள் போய்விடும். (என் தாத்தா செங்கோட்டையில் பிறந்தவர் என்பதால் இந்த அடைப்புக்குறி எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.)

தாத்தா காலத்தில் பிரானூர் நிஜமான எல்லை. இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் சக்கரம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்தப் பக்கம் தபால், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ஸர்க்காரின் அஞ்சல். அந்த இலாகா 1951 வரை தனியாகவே நடந்தது. 1904இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து ரயில் வந்த பிறகும் சுங்கம் சுங்கமாகவே இருந்தது. இதெல்லாம் கெஸட்டியர் விஷயம், அதில் கிடக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தேதி. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அன்றிலிருந்து பிரானூருக்கு மேற்கே ஸர்க்கார் கோயில்களுக்குள் ஒரு பள்ளரோ பறையரோ சட்டப்படி நுழையலாம். கிழக்கே, தென்காசியிலும் குற்றாலத்திலும், கோயிலைத் திறந்துவிடச் சட்டம் வர 1939 ஆயிற்று. இரண்டரை வருஷத்துக்கு மேல் ஒரே மனிதன், ஒரே சாமி, ஒரே ரோடு; நடுவில் இருந்த ஒரு சாவடி அவனைத் தீண்டத்தக்கவனாகவும் தகாதவனாகவும் மாற்றிக்கொண்டிருந்தது. எல்லைக்கோடு என்பதன் அபத்தத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கவிதையும் சொல்லிவிட முடியாது.

ஆனால் கோயிலை விட வயிறு பிடிவாதமானது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வருகிற ரயில் பாதையில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. அங்கே வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது 1924-25இல் பெரிய சர்ச்சையானது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அந்தப் பந்தியில் பிளந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறியதற்குப் பின்னணியில் அதுவும் இருந்தது. ஐயர் அதைப் பார்க்க இல்லை. அந்த ஜூன் மாதமே பாபநாசத்து அருவியில் போய்விட்டார். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்-இதரர் என்ற பிரிவினை 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. அதற்குள் அரசியல் சாசனம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதன் பதினைந்தாவது பிரிவில் கடைகள், ஹோட்டல்கள், குளங்கள் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் சாசனம் ஹோட்டலைக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால் ஹோட்டல் என்பது இங்கே என்னவாக இருந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆ.இரா. வேங்கடாசலபதி காப்பியைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்த வாதத்தின் முதல் பாதி தெரிந்திருக்கும். காப்பிக்கு ஜாதி உண்டு, டீக்கு வேறு ஜாதி. பரோட்டாவுக்கும் அப்படி ஒரு புத்தகம் எழுதப்பட வேண்டும். எழுதுகிறவர் கோதுமையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அதை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம். மரச்சீனியும் ரேஷன் கோதுமையும் அரிசி தின்கிறவர்களின் அடுப்புக்கு வந்தன. பிறகு அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமை, அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். அதே வருஷம் நவம்பரில் பிரானூரிலிருந்து எல்லை போகிறது. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. மாவு மலிந்ததும் சாவடி காலியானதும் ஒரே வருஷம், அவ்வளவுதான். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கப்பலேறிப் போன முஸ்லிம்களையும் அந்தப் புத்தகம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கரையில் அதே மாவு வீச்சுக்குப் பிராட்டா என்று பெயர்.

மாஸ்டர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பிசைந்த மைதாவை ஊறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி உருண்டை பிடித்து, எண்ணெயில் குளிப்பாட்டி வைத்திருப்பார். ஒன்றை எடுத்துத் தட்டி வீசினால் மேஜையின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு விரியும். அதைச் சுருக்கி, சுற்றி, அமுக்கிக் கல்லில் போடுவார். வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அடியில்தான் ஏடு பிரிகிறது. தென்காசிப் பக்கத்துப் பரோட்டா உள்ளங்கைக்குள் அடங்கும். இலையில் அதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மேலே சால்னா விழும். போதும் என்று கையை நீட்டி மறைக்கும்வரை விழும். கோழி தனிக்காசு, சால்னாவுக்குக் கணக்கில்லை. காசு குறைந்தவனும் இரண்டு பரோட்டாவும் ஒரு வாளிச் சால்னாவுமாகப் பக்கத்திலிருப்பவனுக்குச் சமானமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

நான் அங்கே முதலில் போனது 1979 ஆடியில். எங்கள் வீடு தென்காசியில் சைவ வீடு. காலேஜில் என்னோடு படித்தவன், பண்பொழிப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்தவன், கூட்டிக்கொண்டு போனான். அதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து நகுலனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா எனக்கு எவர்சில்வர் தம்ளரிலும் அவனுக்குக் கண்ணாடித் தம்ளரிலும் காப்பி கொண்டுவந்தாள். அவன் போன பிறகு கண்ணாடித் தம்ளர் உள்ளே போகவில்லை. புறவாசல் சுவர்மேல் கவிழ்ந்து கிடந்தது. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு இருத்தலியல் தெரியும், அந்நியமாதல் தெரியும். அம்மாவிடம் ஒரு தம்ளரைப் பற்றிப் பேசத் தெரியாது.

பிரானூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு லாரி டிரைவர், பக்கத்தில் மில்காரர்கள் இரண்டு பேர், ஓரத்தில் நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர். அவர் என் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. (அவருக்கும் அதே கவலை இருந்திருக்கும்.) "அண்ணாச்சி, சால்னா ஊத்தவா?" என்று பையன் கேட்டான். எலும்பு இல்லாமல் ஊற்றினால் சைவம் என்று என்னைத் தேற்றிக்கொண்டு தலையாட்டினேன். சாப்பிட்டு முடித்தோம். பையன் வந்து இரண்டு இலையையும் சேர்த்துச் சுருட்டி எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டான். அதையே பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதன் மெதுவாகக் கேட்டான்: "இலையத் தூர எறிஞ்சிட்டான். ஒங்க வீட்டுத் தம்ளர என்னல செஞ்சாவ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது ஒரு சரித்திரக் கேள்வி என்று புரிவதற்கே எனக்குப் பல வருஷங்கள் ஆயின. தீட்டு திரும்பப் பயன்படுகிற பொருளில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை வந்தது அதனால். குவளைக்கு நாளை உண்டு, இன்னொரு வாய் உண்டு, இலைக்குக் கிடையாது. மலையேறப் போகிற லாரிக்காரனின் ஊரையும் குலத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தால் ரோட்டோரக் கடை பிழைக்க முடியாது. கடைக்காரர் முஸ்லிமாக இருந்ததால் அந்த விசாரணைக்கு அவரிடம் தேவையும் குறைவு. ஆகவே யாரும் மாநாடு போடாமல், தீர்மானம் நிறைவேற்றாமல், சேரன்மாதேவியில் முடியாமல் போன ஒன்று பிரானூரில் ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்துகொண்டிருந்தது. இதைப் புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். நெற்றியில் விபூதி வைத்திருந்த பெரியவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் என்பதும் தெரியும். டி.கே.சி. வட்டத்துக் கம்பனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

1981 பிப்ரவரி 19. பண்பொழிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்தார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து இறங்கினார்கள். வளைகுடாப் பணம் என்று பத்திரிகைகள் எழுதின. மாறியவர்கள் மரியாதை என்றார்கள். என் சிநேகிதன் மாறவில்லை. அவனுடைய தாய்மாமன் குடும்பம் மாறியது. மாமனைக் கூட்டிக்கொண்டு அவன் ஒரு நாள் பிரானூருக்குப் போயிருக்கிறான். கல்லாவில் இருந்த பாய் விஷயம் கேள்விப்பட்டு, அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர், "வாங்க மாமா" என்றாராம். இதை அவன் என்னிடம் சொன்னது எங்கள் வீட்டுத் திண்ணையில் அல்ல, தென்காசி யானைப்பாலத்தில் நின்றுகொண்டு. திண்ணைக்கு அவன் அதற்கப்புறம் வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை. அவன் சொன்னதைக் கேட்டபோது பிரானூர்ப் பெஞ்சைப் பற்றி எனக்கிருந்த பெருமிதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஒரே பெஞ்சில் உட்காருவது வேறு. உறவுமுறை சொல்லிக் கூப்பிடப்படுவது வேறு. முதலாவதைப் பரோட்டாக் கடை எல்லாருக்கும் கொடுத்தது. இரண்டாவதைக் கொடுக்க ஒரு கடையால் ஆகாது. அவன் மாமனுக்கு அது கிடைக்க ஒரு மதம் வேண்டியிருந்தது.

2019இல் தென்காசி தனி ஜில்லாவாகிவிட்டது. 'பார்டர்' என்ற சொல் பிரானூரை விட்டுக் கிளம்பி மற்ற ஊர்களின் பலகைகளிலும் ஏறிவிட்டது. எல்லையே இல்லாத ஊர்களில் எல்லைக் கடைகள்! சைவ வீடுகளிலிருந்து கார் போட்டுக்கொண்டு குடும்பமாக வந்து காடையும் நாட்டுக்கோழியும் சாப்பிடுகிறார்கள். அவரவர் தெருவில் யார் வாடகைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதில் அவர்களுக்குப் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

போன ஆனியில் சாரல் விழுந்துகொண்டிருந்த ராத்திரி தனியாகப் போய் உட்கார்ந்தேன். வயிறு இப்போது இரண்டுக்கு மேல் தாங்காது. சால்னா ஊற்றிய பையனுக்குத் தமிழில் 'அண்ணாச்சி'யும் 'போதுமா'வும் மட்டும்தான் தெரிந்தது. சாப்பிட்டு எழுந்தபோது அவனே வந்து இலையைச் சுருட்டினான். எந்த ஊர் என்று கேட்டேன். அஸ்ஸாம் என்றான். நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். பெஞ்சைக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். இலையை ஏந்திய கையாலேயே கடைக்குப் பின்பக்கம் காட்டிவிட்டுப் போனான்.