திட்டத்துக்குப் பேரான அம்மையார்கள்



நம்ம கூட்டமைப்பு மலருக்குப் பெண்ணுரிமை வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவோட தீர்மான நோட்டும் வரவு செலவு நோட்டும் எழுதித்தான் பழக்கம். அதனால நமக்கெல்லாம் தெரிஞ்ச இடத்திலிருந்தே தொடங்குறேன். அது விண்ணப்பப் படிவம்.

போன மகளிர் தினக் கூட்டத்துல கல்லூரியில படிக்கிற ஒரு பொண்ணு வந்து பேசுச்சு. பெண்ணடிமைத்தனத்துக்கு வேர் வீட்டுக்குள்ளயே இருக்குது, கல்யாணம், கற்பு, சொத்து எல்லாத்தையும் வேரிலிருந்து மாத்தோணும், அதுக்குப் பேரு தீவிரப் பெண்ணியம்னு சொல்லுச்சு. அமெரிக்காவில் 1960-களின் கடைசியில் பெண்கள் இப்படிப் பேசிப் போராடினாங்களாம். கூட்டத்துல பாதிப் பேர் கை தட்டினாங்க. மீதிப் பேர் முகம் சுளிச்சாங்க. "இதெல்லாம் குடும்பத்தைப் பிரிக்கிற பேச்சு கண்ணு, நமக்கு ஆகாது" என்று ஒரு பெரியம்மா எழுந்து சொல்லிட்டாங்க. டீ குடிக்கிற நேரத்துல ரெண்டு கட்சியாப் போச்சு.

அந்தப் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் ஆனப்ப உதவித்தொகையும் தாலித் தங்கமும் வாங்கிக் கொடுக்க நான்தான் கூடப் போனேன். அந்தத் திட்டத்துக்குப் பேரு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம். யாருங்க அந்த அம்மையார்? எங்க ரெண்டு பேருக்குமே அன்னைக்குத் தெரியாது. மகப்பேறு உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள், ஏழை விதவையரோட மகள் கல்யாணத்துக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் என்று எத்தனை பேரை எழுதியிருப்போம்! அவங்க வாழ்க்கையைத் தேடிப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது, நம்ம கூட்டத்துல நடந்த சண்டை அவங்க காலத்துலயே நடந்த சண்டைன்னு.

முதல்ல நம்ம பக்கத்து ஈரோடு. பெரியார் 1909-லேயே, சின்ன வயசுல கணவனை இழந்த தன் உடன்பிறந்தாள் மகளுக்கு, குடும்பம் எதிர்த்தும் மறுமணம் செஞ்சு வெச்சவர். அவர் மனைவி நாகம்மையார் நம்மளப் போல அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். வந்தவங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டவர். அதே கையோடு 1921-ல் நாத்தனார் கண்ணம்மாளைக் கூட்டிக்கிட்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போனார். 1924-ல் வைக்கத்தில் கோயில் தெருவுல எல்லாரும் நடக்கிற உரிமைக்காகப் போராடினார். புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணங்களைத் தானே முன்னால நின்னு நடத்தி வெச்சார். 1933-ல் காலமானார்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்கு ஆணோடு சமமாச் சொத்துரிமை, தகுதியுள்ள எந்த வேலையும் பார்க்கலாம், 16 வயசுக்கு முன்னால கல்யாணம் கூடாது, பிடிக்கலைன்னா விலகிக்கிற உரிமை வேணும் என்று தீர்மானம் போட்டாங்க. பெரியார் அதுக்கும் மேல போனார். கற்பு என்றால் ரெண்டு பேருக்கும் இருக்கட்டும், பெண்ணுக்கு மட்டும் எதுக்கு என்று கேட்டார். பிள்ளை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது பெண்ணோட விடுதலை சம்பந்தப்பட்டதுன்னு எழுதினார். அந்தக் காலத்துல இதைக் கேட்டவங்க காதைப் பொத்திக்கிட்டிருப்பாங்க. இன்னைக்கும் சிலர் பொத்திக்குவாங்க.

பெண்களுக்காகப் பாடுபட்ட எல்லாரும் இந்த வழியில போனவங்க இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927-ல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். அவர் காந்தியார் பக்கம். ஒழுக்கம், தாய்மை, நல்ல குடும்பம் இதையெல்லாம் உசத்தியா வெச்சுத்தான் பெண்ணுரிமை பேசினார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுற தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தவரும் அவர்தான். அவரோட அம்மாவே அந்தக் குலத்தில் வந்தவர்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்தவங்கள்ல பெண்களும் இருந்தாங்க. தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் வேண்டாம்னாங்க. கோயில் மானிய நிலம் போயிரும், பாட்டும் ஆட்டமும் போயிரும், அப்புறம் நாங்க எப்படிப் பிழைக்கிறதுன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதும் நியாயமான கேள்விதானுங்க. ஒரு பெண்ணை ஓரிடத்திலிருந்து வெளியே கூப்பிட்டா, வந்து நிற்க இன்னொரு இடம் வேணுமில்ல? முத்துலட்சுமி அம்மா 1930-ல் ஔவை இல்லம் தொடங்கினது, அப்படி வந்த பிள்ளைகளுக்கு இடம் இல்லாமப் போனதாலதான். சட்டம் முழுசா நிறைவேற 1947 ஆகிப்போச்சு.

அதே கொடுமையை உள்ளேயிருந்து பார்த்தவர் மூவலூர் இராமாமிர்தம். சின்ன வயசுலயே அந்தத் தொழிலில் இருந்த ஒருத்தரிடம் விடப்பட்டவர். அதிலிருந்து வெளியே வந்து, மத்தவங்களையும் வெளியே கொண்டு வர ஊர் ஊரா அலைஞ்சார். 1936-ல் அதைப் பற்றி நாவலே எழுதினார். முதல்ல காங்கிரஸ், அப்புறம் சுயமரியாதை இயக்கம். 1938-ல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே போன படையில் அவரும் போனார். அப்ப அவருக்கு வயசு 55.

அந்த 1938 நவம்பர் 13-ல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்துச்சு. "பெரியார்" என்ற பட்டத்தைக் கொடுத்ததே அந்தப் பெண்கள்தான். மாநாட்டுக்குத் தலைமை நீலாம்பிகை அம்மையார். மறைமலையடிகளின் மகள், சைவப் பற்றோடு வளர்ந்தவர். கடவுள் இல்லைன்னு சொன்ன ஒருத்தருக்கு, சாமி கும்பிடுற ஒரு அம்மா தலைமையில் பட்டம் கொடுத்திருக்காங்க! எல்லாத்துலயும் ஒத்துப்போனதால இல்லை. ஒத்துப்போன விஷயத்துக்காகச் சேர்ந்து நின்னாங்க. அதுக்கு மறுநாளே இராமாமிர்தம், தர்மாம்பாள் எல்லாம் மறியல் செஞ்சு ஜெயிலுக்குப் போனாங்க.

அப்படிச் சேர்ந்து நின்னவங்களும் பிரிஞ்சாங்க. 1949-ல் பெரியார், ஏறக்குறைய நாற்பது வயசு இளையவரான மணியம்மையாரைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார். பொருந்தாக் கல்யாணத்தைக் கண்டிச்ச நீங்களே இப்படிச் செய்யலாமாங்கிற கோபத்துல இராமாமிர்தம் அம்மா விலகி, தி.மு.க.வுக்குப் போயிட்டார். தலைவருன்னு பார்க்கலை. மணியம்மையாரும் அந்தப் பேச்சையெல்லாம் தாங்கி, பெரியாருக்குப் பின்னால இயக்கத்தையே நடத்திக் காட்டினார். இன்னைக்கு ரெண்டு அம்மா பேரும் ஒரே சமூக நலத்துறைப் படிவக் கட்டுல ஒண்ணு மேல ஒண்ணா இருக்குது.

இனி சொத்துக்கு வர்றேன். செங்கல்பட்டுத் தீர்மானம் 1929. அப்பா தானா சம்பாதிச்சு, உயில் எழுதாம விட்டுப்போன சொத்துல மகளுக்கும் பங்குன்னு சட்டம் வந்தது 1956. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு கிடைச்சது 1989 மார்ச் 25 முதல். அப்பவும் அதுக்கு முன்னால கல்யாணம் ஆன பொண்ணுகளுக்கு இல்லை. அவங்களையும் சேர்த்தது 2005-ல் வந்த மத்திய சட்டம். 2005-ல் அப்பா உயிரோட இல்லாட்டியும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிருச்சு. தீர்மானத்துக்கும் நம்ம மாநிலச் சட்டத்துக்கும் நடுவுல சரியா அறுபது வருசம். தர்மபுரியில் முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சதும், இராமாமிர்தம் அம்மையார் திட்டம் வந்ததும் அதே 1989-தான்.

என் கதையையும் சொல்லிடறேன். எங்க அப்பாவுக்குச் சரவணம்பட்டியில கொஞ்சம் சோளக்காடு இருந்துச்சு, அப்பாரு காலத்துப் பூமி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அதுல ஆடு மேய்ச்சோம். சத்தி ரோட்டுல கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும் ஏக்கர் கணக்கு போய்ச் சென்ட் கணக்கு வந்துருச்சு. அப்பா தவறினப்புறம் ஒருநாள் அண்ணன் கூப்பிட்டார், பத்திர ஆபீஸுக்குப் போனேன். விடுதலைப் பத்திரம்னாங்க. படிச்சுப் பார்க்கலை, கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சவ நான். அந்த அண்ணன்கிட்ட என்னன்னு கேக்குறதே தப்புன்னு நினைச்சேன். ரெண்டு பவுன் சங்கிலி போட்டு விட்டாங்க, சந்தோசமா வீட்டுக்கு வந்தேன். இப்ப எம்பொண்ணு காலேஜ் பீஸுக்குக் குழுவுல கடன் வாங்கி மாசாமாசம் கட்டிக்கிட்டிருக்கேன்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதலைங்க. பண்டிகைக்கு இன்னும் சீர் வருது, அந்த வீட்டு வாசல் எனக்கு வேணும். பங்கு கேட்டா அந்த வாசல் அடைபட்டுருமேங்கிற பயம் நம்மள்ல பாதிப் பேருக்கு இருக்குது. வெளியே வந்தா நிக்க இடம் எங்கேன்னு அன்னைக்குத் தேவதாசிகள் கேட்டதும் இதே பயம்தான். பயப்படுறவங்களைப் பார்த்து விவரம் இல்லாதவங்கன்னு படிச்ச பிள்ளைக சிரிக்க வேண்டாம். தைரியமாக் கேக்குற பொண்ணைக் குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்னு நாமும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு அதிகப்பிரசங்கம்னு சொன்ன பேச்சுதான் இன்னைக்கு நம்ம மகளுக்குச் சட்டமா இருக்குது.

பெண்ணியத்துல எவ்வளவு தூரம் போறதுங்கிறது அவங்கவங்க மனசு. ஆனா ஒண்ணு மட்டும் நாம எல்லாரும் ஒத்துக்கலாம். எந்தப் பத்திரமா இருந்தாலும், குழுவுல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. விட்டுக் கொடுக்கிறதா இருந்தாலும் என்ன கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கலாம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சதும் அந்தப் பெரியம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். இராமாமிர்தம் அம்மா கதை வந்தப்ப நிறுத்தச் சொல்லி, இன்னொருக்காப் படிக்கச் சொன்னாங்க. "அந்தம்மா பேருலயா எம்புள்ளைக்குத் தாலி வாங்குனோம்?"னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் காலேஜ் பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கும் வரச் சொல்லு அம்மிணி. கேக்க வேண்டியது இருக்குது"ன்னாங்க.

வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க.