நொதுமல் கடத்தி மின்னோட்டம்

நொதுமல் கடத்தி மின்னோட்டம் என்பது மும்முனை, நான்கு கம்பி மின்வழங்கலில், மூன்று முனைகளின் சுமைகள் சமமாக இல்லாதபோது நொதுமல் கடத்தியின் வழியே மின்மாற்றிக்குத் திரும்பும் மின்னோட்டம் ஆகும். இக்கடத்தி பேச்சு வழக்கில் நியூட்ரல் கம்பி எனப்படுகிறது.

தோற்றம்

தமிழ்நாட்டின் பகிர்மான மின்மாற்றிகள் பொதுவாக 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கின்றன. பயனரிடத்தில் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட்டும், ஒரு முனைக்கும் நொதுமலுக்கும் இடையே 230 வோல்ட்டும் கிடைக்கும். முனை மின்னோட்டங்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகியிருப்பதால், அவை சமமாயின் அவற்றின் கூட்டுத்தொகை சுழியாகும். ஒரே திறன் காரணியில் அவை 30, 20, 10 ஆம்பியராயின், நொதுமலில் 17.3 ஆம்பியர் பாயும்.

கணினி, எல்.ஈ.டி. விளக்கு போன்றவை 150 எர்ட்சு அளவில் மூன்றாம் சீரிசை மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. மூன்று முனைகளிலும் இவை ஒரே கட்டத்தில் அமைவதால், நொதுமலில் நீங்காமல் கூடுகின்றன. எனவே சுமைகள் சமமாக இருப்பினும் நொதுமல் சூடேறலாம்.

நொதுமல் அறுந்தால்

நொதுமல் அறுந்தால் வெவ்வேறு முனைகளிலுள்ள வீடுகள் தொடராக இணைந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, 23 ஓம், 230 ஓம் தடையுள்ள இரு வீடுகள் மட்டும் 400 வோல்ட்டில் இவ்வாறு இணைந்தால், முதல் வீட்டிற்கு 36 வோல்ட்டும் இரண்டாம் வீட்டிற்கு 364 வோல்ட்டும் கிடைக்கும். அதாவது, குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டின் கருவிகளே எரிந்துபோகின்றன.

கரையோரப் பகுதிகள்

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் போன்ற கரையோர ஊர்களில் உப்பு கலந்த ஈரக்காற்று கம்பி இணைப்புகளை அரிக்கிறது. அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரும் இடத்தில் அரிப்பு விரைவாகும். அதனால் இணைப்பின் தடை உயர்கிறது. நொதுமலில் மின்னோட்டம் மிகும்போது அவ்விடம் சூடேறி, இறுதியில் விட்டுப்போகிறது. ஒரு தெருவில் சில வீடுகளின் விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிவது இதன் அறிகுறியாகும். அப்போது முதன்மை ஆளியை நிறுத்திவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்பு

இந்திய மின்சார விதிகள், 1956 மின்மாற்றி நிலையத்தில் நொதுமலை இரு தனித்தனி இணைப்புகளால் நிலத்துடன் இணைக்க வேண்டும் என்றும், நொதுமலில் உருகி பொருத்தலாகாது என்றும் வரையறுத்தன. உருகி எரிந்தால், நொதுமல் அறுந்த அதே நிலை ஏற்படும் என்பதே இத்தடைக்குக் காரணம். சுமைகளை மூன்று முனைகளிலும் சமமாகப் பிரிப்பதும், இணைப்புகளை அவ்வப்போது தூய்மைசெய்து இறுக்குவதும் ஏனைய முறைகளாகும்.