பங்க்கும் ஒரு பழைய பாட்டும்

'தி எக்ஸ்' பாடல்களில் எது பிடிக்கும்னு கேட்டால் 'ஆய் கார்மேலா' என்பேன். 1979இல் நெதர்லாந்தில் தோன்றிய இந்தப் பங்க் குழு, ஸ்பானியப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டான 1986இல், நான்கு பாடல்களை இரண்டு சிறு இசைத்தட்டுகளாக்கி, அராஜகவாதத் தொழிற்சங்கமான சிஎன்டியின் புகைப்படப் புத்தகத்தோடு வெளியிட்டது. ஆனால் 'கார்மேலா' 1938இல் எப்ரோ ஆற்றுப் போரில் குடியரசுப் படையினர் பாடிய பாட்டு. அதற்கு முந்தைய வருஷம், மே 1937இல், பார்சிலோனாத் தெருக்களில் குடியரசின் காவலர்களும் கம்யூனிஸ்டுகளும் சிஎன்டிக்காரர்களோடு மோதியிருந்தார்கள். சுட்டவன் பாட்டும் செத்தவன் படமும் ஒரே உறையிலா? சமரசம் என்று நானும் கொஞ்சநாள் ஏசினேன். நம்ம பழக்கம் அப்படி. கட்சி பிரித்துத்தானே வரலாற்றைப் பூட்டிவைக்கிறோம். அந்தப் படையிலும் சிஎன்டிக்காரர்கள் இருந்தார்கள். எந்த வாயால் அவர்கள் அதைப் பாடியிருப்பார்கள்?