சட்டம் திறந்துவைத்த கதவு

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பை ஒழிக்கப் பல பத்தாண்டுகள் பிடித்ததற்கு வறுமையே காரணம் என்பது வழக்கமான விளக்கம். சட்டங்களை வரிசையாகப் படித்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. 12 வயதுக்கு உட்பட்டோர் தீப்பெட்டிப் பட்டறைகளில் வேலை செய்வதை 1938-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. கூலியாள் இல்லாமல் குடும்பத்தார் நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விலக்கைத் தொடவில்லை. பெட்டி ஒட்டவும் மரச் சட்டத்தில் குச்சி அடுக்கவும் இயந்திரம் வேண்டியதில்லை; திண்ணையும் பசைக் கிண்ணமும் போதும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் பிஞ்சு விரலின் வேகமே வருமானமாயிற்று. தொழிற்சாலை ஆய்வாளர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். மகனைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்களிலும் மகள் பசைக் கிண்ணத்தருகே உட்கார்ந்தாள். ஆகவே அந்த விலக்கு பாலினப் பாகுபாட்டுக்கும் இடம் கொடுத்தது.

பெற்றோரிடம் பிள்ளை தொழில் பழகுவது தவறா என்று கேட்கலாம். தவறில்லை, ஆனால் பள்ளியை விட்டுப் பழகுவது வேறு. ஏழைக் குடும்பத்தின் வருமானத்தைப் பறிக்கலாமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொன்னது: விதிமீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்டவேண்டும்; அரசு, குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாயை அந்த நிதியில் செலுத்த வேண்டும். சத்துணவும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் தடையைவிட அதிகம் சாதித்ததாகச் சொல்வோர் உண்டு. பள்ளி இழுக்காமல் தடை மட்டும் நிற்காது என்பது உண்மைதான். ஆயினும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாத் தொழிலிலும் தடை விதித்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று பழைய விலக்கைப் புதிய உருவில் வைத்திருக்கிறது. அதைக் கண்காணிக்க வழியில்லாதவரை, முதலில் உழைக்கப்போவது மகளே.