எக்ஸ்0 ஒய்0 என்றால் எங்கே?

மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன் நான். கல்லூரி சி.என்.சி. லேபில் ஒருநாள், அலுமினியத் தகட்டில் வட்டமாக ஆறு ஓட்டை, நடுவில் ஒன்று போட வேண்டும். ஆறும் கச்சிதமாக விழுந்தன. நடு ஓட்டைக்கு ‘எக்ஸ்0 ஒய்0’ என்று எழுதியிருந்தேன். டிரில் நகரவே இல்லை. ஆறாவது ஓட்டைக்குள்ளேயே மறுபடி இறங்கி ஏறியது. அலாரம்கூட இல்லை. “ஜி90 எங்க தம்பி?” என்றார் லேப் அண்ணன்.

ஜி90 போட்டால் எண்கள் எல்லாம் மூலப்புள்ளியிலிருந்து அளந்தவை. ஜி91 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்பது. ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்றும்வரை அதுவேதான். வட்டத்துக்கு ஜி91 போட்டவன் திரும்ப ஜி90 போட மறந்துவிட்டேன். ஆக, “மூலைக்கோ நடுவுக்கோ, எங்கே பூஜ்யம் வைத்தாயோ அங்கே போ” என்று நான் எழுதியதை மெஷின் “அசையாதே” என்று படித்தது.

ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு அர்த்தம்? தேடிப்போனால் 1940களின் மிச்சிகனில் நிற்கிறோம். டிராவர்ஸ் சிட்டியில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவை ஐ.பி.எம். கார்டு மெஷினில் புள்ளிபுள்ளியாகக் கணக்கிட்டு, அட்டவணையைப் பார்த்து ஒருவர் எக்ஸ் சக்கரத்தையும் இன்னொருவர் ஒய் சக்கரத்தையும் திருப்ப வைத்தார். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடம். நம்ம ஜி90 சிந்தனைதான் அது.

1949-ல் அமெரிக்க விமானப்படை ஒப்பந்தம் வந்து, வேலை எம்.ஐ.டி.க்குப் போனது. 1952-ல் அவர்கள் காட்டிய சின்சினாட்டி மில்லிங் மெஷினுக்குக் காகித நாடாதான் ஆணை. அதில் இருந்தது இடம் இல்லை, நகர்வு: இந்த அச்சில் இத்தனை துடிப்பு, இத்தனை நொடிக்குள். வால்வுகளால் கட்டிய எலக்ட்ரானிக்ஸுக்குத் துடிப்பை எண்ணுவது இயல்பாக வரும் வேலை. அதனால் அந்த முடிவில் எனக்குக் குறையே தெரியவில்லை.

வில்லங்கம் எண்களை எழுதுகிறவனுக்குத்தான். நகர்வாக எழுதும்போது ஓர் எண் தப்பினால் அதற்குப் பின்னால் வருவது எல்லாமே தள்ளிப்போகும். இடமாக எழுதினால் அந்த ஒரு புள்ளியோடு போச்சு. ஆனால் நகர்வில் ஒரு வசதி உண்டு. மூடிய வடிவம் என்றால் எல்லா நகர்வையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். கையால் புரோகிராம் எழுதுவோருக்கு நல்ல சோதனை. எங்கள் மொழியில் சொன்னால் செக்சம்.

இன்றைக்கு 3டி பிரிண்டருக்கு வரும் கோப்புகள் பலவற்றைத் திறந்தால் இரண்டும் அருகருகே இருக்கும். முனை நகர ஜி90, பிளாஸ்டிக் இழையைத் தள்ள எம்83, அதாவது நகர்வுக் கணக்கு. நான் முதலில் தேடுவது இன்னமும் அந்த ஜி90-ஐத்தான்.